முக்கால்வாசிக் காற்று

ஒரு கார்க் கதவு. அதற்கு நிறம் சரியாக வந்துவிட்டால் டயர்க்காரரின் தங்கை மாப்பிள்ளைக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கும். வராவிட்டால் அந்தப் பெயிண்ட் ஷெட்டில் வேறொரு பெயிண்டர் நிற்பார். முதலாளியம்மா சொன்னது இவ்வளவுதான். எதையும் இழுத்துப் பேசுகிறவர் அல்ல அவர். கடைக்குள் வந்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், டயர்க்காரரின் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தே பேசினார்.

"பாவம் பார்க்காம இல்லப்பா. ஷெட் பூட்டிக் கிடக்குது, வர்ற வண்டியெல்லாம் திரும்பிப் போகுது. ஒரு கதவு குடுக்கறேன். அவர் பண்ணிட்டார்னா அவரே இருக்கட்டும். இல்லைன்னா அதுக்கப்புறம் என்கிட்ட வந்து நிக்காதே."

"பண்ணிடுவாரும்மா."

"நீ சொல்லாதே. கதவு சொல்லட்டும்."

அவர் போன பிறகும் டயர்க்காரர் கையிலிருந்த ஒரு வால்வு மூடியை உருட்டிக்கொண்டே நின்றார். பச்சை மூடி. நைட்ரஜன் அடித்த சக்கரத்துக்கு அடையாளமாக மாட்டுவது. சாதாக் காற்றென்றால் கறுப்பு மூடி. அவருடைய வாழ்க்கை முழுக்க இந்த இரண்டு நிற மூடிகளுக்கு நடுவில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் தெருவில் அவருக்கு 'முக்கால்' என்று ஒரு பெயர் இருந்தது. "முக்கால் இருக்காரா?" என்று யாராவது கேட்டால், வாசலில் சக்கரம் கழற்றிக்கொண்டிருக்கும் அலைன்மெண்ட்காரர் நிமிராமலே, "முழுசா வந்திருக்காரு, உள்ள போங்க" என்பார். பெயர் வந்த கதை எளிது. நைட்ரஜன் மெஷின் கடைக்கு வந்த நாளில், அதை விற்ற கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து, வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். டயர்க்காரர் அதைத் தன் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். வண்டி வந்து நின்றதும் ஆரம்பிப்பார்.

"சார், சாதாக் காத்துல ஈரம் இருக்கு. டயர் சூடாச்சுன்னா அந்த ஈரமும் சேர்ந்து ஆட்டம் போடும். இது ஈரமே இல்லாத காத்து. சீக்கிரம் கசியாது. பயப்படாதீங்க, ஏதோ புதுச் சரக்குன்னு நினைக்காதீங்க. நாம மூச்சு இழுக்கிறதுல முக்கால்வாசி இதுதான்."

ஒருமுறை ஒரு பெரியவர் சக்கரத்தின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மடக்கினார். "முக்கால்வாசி ஏற்கெனவே இருக்குன்னா, மிச்சக் கால்வாசிக்குத்தான் இந்த வாங்கு வாங்கறியா?"

"அந்தக் கால்வாசியைப் புடிச்சு வெளிய தள்றதுதான் சார் வேலையே!"

வாசலே சிரித்தது. பெரியவரும் சிரித்தபடி நாலு சக்கரத்துக்கும் அடித்துக்கொண்டு போனார். அந்தக் கால்வாசி என்னவென்று அவரும் கேட்கவில்லை, டயர்க்காரரும் யோசிக்கவில்லை. டை கட்டியவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் பின்னால் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. ஒரு பொய்யை நம்பி ஏமாந்திருந்தால் திட்டுவதற்கு ஒரு ஆளாவது கிடைத்திருப்பான்.

கடையின் பின்சுவரை ஒட்டித்தான் பெயிண்ட் ஷெட். இரண்டுக்கும் முதலாளியம்மாதான் சொந்தக்காரர். தகரக் கூரை, மூன்று பக்கம் பிளாஸ்டிக் திரை, தரையெல்லாம் பல வருடங்களாகச் சிந்திய பெயிண்ட் திட்டுத்திட்டாக, பெயர் தெரியாத ஏதோ தேசத்தின் வரைபடம் போல. அங்கே நின்றவர் டயர்க்காரரின் நண்பர். பிறகு அவருடைய தங்கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஆனவர். பெண் பார்த்துப் பேசி முடித்ததெல்லாம் டயர்க்காரர்தான். அதனால் வீட்டில் தங்கை முன்னால், "வாங்க மாப்ளே, உக்காருங்க." ஷெட்டுக்குப் போனால், "எங்கடா போய்த் தொலைஞ்ச?" இந்த இரட்டை மரியாதையைப் பற்றி மாப்பிள்ளைக்கு ஒரு கிண்டல் உண்டு. "மச்சான், உன் தங்கச்சி இருந்தா எனக்கு ரெண்டு கோட்டு மரியாதை. இல்லைன்னா வெறும் பிரைமர்."

நிறம் பிடிப்பதில் மாப்பிள்ளை பேர்போனவர். பழைய காருக்குக் கம்பெனி நிறத்தை அப்படியே அடித்தால் ஒட்டாது, வெயிலில் வெளுத்திருக்கும். பக்கத்து இடத்தைப் பார்த்துப் பார்த்துக் கலக்கவேண்டும். அவர் வெள்ளையைப் பார்த்து வெள்ளை என்று சொல்லவே மாட்டார். "இது பால் திரிஞ்ச வெள்ளை." "இது சலவைக்குப் போய்ட்டு வந்த வெள்ளை." "இது பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்கன்னு சுவத்துக்கு அடிப்பாங்களே, அந்த வெள்ளை." சொல்லிக்கொண்டே ஒரு குச்சியால் கலக்குவார். காய்ந்தபின் எது பழசு, எது புதுசு என்று கார்க்காரருக்கே தெரியாது.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய வேலையில் கொப்புளம் கொப்புளமாக வந்தது. கம்ப்ரஸர் காற்றில் ஈரம். பெயிண்ட் அடிக்கும் கன்னுக்குள் அந்த ஈரம் புகுந்து, அடித்த இடமெல்லாம் வேர்க்குரு மாதிரி ஆகிவிடும். தேய்த்துத் தேய்த்து அடித்து அலுத்துப்போய், சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"மச்சான், ஊருக்கெல்லாம் ஈரமில்லாத காத்து விக்கிறியே, உள்ளூர் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் திருப்பி விடக்கூடாதா?"

டயர்க்காரருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. சுவரில் ஒரு துளை போட்டு, நைட்ரஜன் தொட்டியிலிருந்து ஒரு குழாயைப் பின்னால் அனுப்பினார். வேலை கண்ணாடி போல வந்தது. அதற்குப் பிறகு ஷெட்டில் இரண்டு குழாய்கள். கறுப்பில் கம்ப்ரஸர் காற்று, பச்சையில் நைட்ரஜன். ஆனால் அவர்கள் வாயில் இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்: காத்து. நைட்ரஜன் என்பது வாடிக்கையாளரிடம் சொல்வதற்கான பெயர். தங்களுக்குள் பேசும்போது ஒன்று சாதாக் காத்து, இன்னொன்று நல்ல காத்து.

நல்ல காத்து. அந்த வார்த்தையை யார் முதலில் சொன்னது என்று டயர்க்காரர் பிறகு பலமுறை யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. தானாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

மாப்பிள்ளை பெயிண்ட் அடிக்கும்போது தலை முழுக்க மூடுகிற ஒரு முகமூடியைப் போட்டுக்கொள்வார். முன்னால் கண்ணாடி, பின்பக்கம் ஒரு குழாய். வெளியிலிருந்து காற்று அந்தக் குழாய் வழியாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். தின்னர் நெடி அண்டாது. அந்தக் குழாய் கறுப்பில் மாட்டியிருந்தது. கம்ப்ரஸருக்கு வயதாகி ரிங் தேய்ந்தபோது, அதில் எண்ணெய் வாடை வர ஆரம்பித்தது.

"சாயங்காலமானா தலை கிண்ணுனு இருக்குடா மச்சான். முகமூடிக்குள்ள ஒரே எண்ணெய் நாத்தம்."

"ரிங் போயிருக்கு. அம்மாகிட்ட சொல்லியிருக்கேன்."

"அது வர்றப்ப வரட்டும். கன்னுக்கு நல்ல காத்து, கட்டின மாப்பிள்ளைக்குக் கெட்ட காத்தா? இரும்பைவிடக் கேவலமாயிட்டேனா நான்?"

டயர்க்காரர் சிரித்துவிட்டார். "உனக்கில்லாததா? மாட்டிக்கோ. நாம இழுக்கிறதுல முக்கால்வாசி அதுதானே."

சொன்னதோடு நிற்கவில்லை. அவரே போய்ப் பச்சைக் குழாயில் ஒரு கிளை வைத்து, முகமூடிக் குழாயை அதில் பொருத்திக் கொடுத்தார். இரண்டு குழாய்க்கும் வாய் ஒரே அளவு. சட்டென்று பொருந்திக்கொண்டது.

அன்று பிற்பகல். வெளியே ஒரு குடும்பம் காரோடு காத்திருந்தது. பின்னாலிருந்து "காத்து!" என்று குரல் வந்தது. டயர்க்காரர் கையை நீட்டி வால்வைத் திறந்தார். பிறகு சக்கரத்தருகே உட்கார்ந்து தன் வழக்கமான பேச்சைத் தொடங்கினார். சுவருக்குப் பின்னால் கன்னின் சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. பிறகு விடாமல் ஒரே சீராக வந்தது. ஒரே இடத்தில் நின்று அடித்தால் வழியுமே, என்ன செய்கிறான் இவன் என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் பேச்சு பாதியில் இருந்தது. கார்க்காரரின் மனைவி ஏதோ கேட்டார், இவர் பதில் சொன்னார். அடுத்த சக்கரத்துக்கு மூடி திருகினார். அதற்குப் பிறகுதான் எழுந்து போனார்.

மாப்பிள்ளை காரின் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன் கையிலேயே இருந்தது, விரல் அழுத்தியபடி. எதிரே திரையில் பெயிண்ட் வழிந்துகொண்டிருந்தது. முகமூடிக்குள் முகம் நிம்மதியாக இருந்தது. மூச்சுத் திணறியவனின் முகம் அல்ல, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கண்ணயர்ந்தவனின் முகம். "டேய், இதென்னடா நேரங்கெட்ட நேரத்துல" என்று சொல்லிக்கொண்டே தோளைத் தொட்டார். தலை தொங்கியது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் கேட்டார். "முகமூடிக்கு என்ன காத்து குடுத்தீங்க?"

"நல்ல காத்துதான் டாக்டர்."

"நல்ல காத்துன்னா?"

"நைட்ரஜன். நாம இழுக்கிறதுல முக்கால்வாசி…"

அங்கேயே நின்றுவிட்டது வாய். டாக்டர் கோபப்படவில்லை. பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். "சரிதான். மிச்சம் இருக்கிற கொஞ்சத்துலதான் நாம உயிரோட இருக்கோம். அந்தக் கொஞ்சம் இல்லைன்னா உடம்புக்குத் தெரியக்கூடத் தெரியாது. மூச்சு முட்டாது, இருமல் வராது. ரெண்டு மூணு இழுப்பு, அவ்வளவுதான். சாய்ஞ்சப்ப முகமூடி கொஞ்சம் விலகியிருக்கு. அதனாலதான் உயிர் இருக்கு."

தங்கை வந்தாள். பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் அவளுக்கு வேலை. கை நனைந்தபடியே ஓடி வந்திருந்தாள். டயர்க்காரர் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. கிளை வைத்தது நான், வால்வைத் திறந்தது நான் என்றார். அவள் கேட்டுக்கொண்டாள். அவர் அடிக்குக் காத்திருந்தார்.

"நீ வேணும்னேவா பண்ணே?" என்றாள். பிறகு, "சாப்டியா?"

அறைந்திருந்தால் தாங்கியிருப்பார்.

மாப்பிள்ளை கண் விழித்தார். நடந்தார், சாப்பிட்டார், பேசினார். பழைய கிண்டல்கூட வந்தது; ஒரே கிண்டலை ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தடவை சொன்னார், அவ்வளவுதான். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். வீட்டுக்கு வந்தபிறகுதான் தங்கைக்கு விஷயம் பிடிபட்டது. "அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கறேன்" என்று சொல்லி மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார்.

கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். மூளையில் நிறத்தை நிறமாகப் பார்க்கிற இடம் ஆக்சிஜன் இல்லாமல் அடிபட்டுவிட்டது. அதைவிட மோசம், தெரியவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. "கொஞ்சம் திரும்பலாம். எவ்வளவுன்னு சொல்ல முடியாது."

கொஞ்சம் திரும்பலாம் என்பதை டயர்க்காரர் பிடித்துக்கொண்டார். வேறு எதையும் அவர் கேட்டதாகவே நினைவில்லை.

கடையில் அவர் பேச்சு குறைந்தது. மெஷின் அங்கேயேதான் நின்றது. சக்கரத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. வண்டி வந்தால், "நைட்ரஜனும் இருக்கு, சாதாக் காத்தும் இருக்கு. எது வேணும்?" என்று மட்டும் கேட்டார். எது நல்லது என்று கேட்டால், "உங்க இஷ்டம்" என்றார். முக்கால் என்று யாரும் கூப்பிடவில்லை. யாரும் சேர்ந்து பேசி முடிவு செய்தது அல்ல; எல்லோர் வாயிலிருந்தும் அந்தப் பெயர் ஒரே நாளில் விழுந்துவிட்டது. வெறும் 'அண்ணே' ஆனார்.

தினமும் கடை அடைத்ததும் தங்கை வீட்டுக்குப் போவார். பெயிண்ட் டப்பா மூடிகளை ஒவ்வொரு நிறமாகப் பூசிக் காயவைத்து, தொலைந்துபோகாமல் இருக்க நடுவில் துளை போட்டு ஒரு கம்பியில் கோத்து வைத்திருந்தார். மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளுவார்.

"இது?"

"சிவப்பு."

"இது?"

முதலில் எல்லாமே தப்பு. இவர் சொல்லிக்கொடுப்பார், அவர் கேட்டுக்கொள்வார். வாரங்கள் போகப் போக இரண்டு சரி, மூன்று சரி. பிறகு ஒருநாள் கம்பி முழுக்கச் சரி. டயர்க்காரர் எழுந்து நின்று கையைத் தட்டினார். சமையலறை வாசலில் நின்றிருந்த தங்கையைப் பார்த்து, "பாத்தியா? வந்துருச்சு பாத்தியா?" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டார். மறுநாளே முதலாளியம்மாவிடம் போய் நின்றார். அப்படித்தான் அந்தக் கதவு வந்தது.

சாம்பல் நீலக் கார். ஏதோ ஒரு தூணில் உரசி முன்கதவு நசுங்கியிருந்தது. முதலாளியம்மா கதவைக் கழற்றி ஸ்டாண்டில் வைக்கச் சொன்னார். பழுதில்லாத பின்கதவு காரோடு பக்கத்திலேயே இருந்தது, பார்த்துக் கலக்க. மாப்பிள்ளை பட்டி பார்த்தார். நசுங்கிய இடத்தில் பட்டியை இழுத்து, காயவைத்து, தண்ணீர் விட்டுத் தேய்த்தார். கையைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை.

"கை போகலையே" என்றார் முதலாளியம்மா. அவர் குரலில்கூட ஒரு இளக்கம். "நான் ஒரு வேலையா போய்ட்டு வந்துடறேன். கலர் அடிச்சு வைங்க."

அலைன்மெண்ட்காரர் டயர்க்காரரின் விலாவில் இடித்தார். "அண்ணே, பாதிக் கிணறு தாண்டியாச்சு."

டயர்க்காரர் முந்தைய வாரமே கம்ப்ரஸருக்குப் புது ரிங் போட்டிருந்தார். முகமூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, வடிகட்டி வைத்து மூக்கில் மாட்டுகிற சாதாரண மூடி ஒன்று வாங்கி வந்திருந்தார். சுவரில் இருந்த துளையைச் சிமென்ட் வைத்து அடைத்தாகிவிட்டது. ஷெட்டில் கறுப்புக் குழாய் மட்டும். இருந்தாலும் உள்ளேயிருந்து "காத்து!" என்று குரல் வந்ததும் வால்வில் கை வைக்க முடியவில்லை. குழாயைக் கண்ணால் தொடர்ந்து போய், சுவர் வரை பார்த்து, திரும்ப வந்து, மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் திறந்தார்.

பிறகு ஷெட்டுக்குள் போய் நின்றார்.

மாப்பிள்ளை டப்பாக்களைத் திறந்து வரிசையாக வைத்திருந்தார். பின்கதவின் முன்னால் குனிந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பழைய மாதிரியே ஒரு கண்ணை இடுக்கினார். "இது வெறும் நீலம் இல்ல மச்சான். மழை வர்றதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி ஜன்னல்ல பாக்குற நீலம்." டயர்க்காரர் ஓரடி முன்னால் வந்தார். வந்துவிட்டது. இந்தப் பேச்சு வந்துவிட்டால் எல்லாம் வந்த மாதிரிதான்.

மாப்பிள்ளை டப்பாவை எடுத்தார். நீலம் இல்லை அது, ஊதா. ஊற்றினார். இன்னொன்றை எடுத்தார். சிவப்பு. தயக்கமே இல்லாமல் ஒரு கோடு ஊற்றினார். குச்சியால் கலக்கினார். வெளுப்பு சரியா, கறுப்பு சரியா என்று குச்சியைத் தூக்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் அதன் அடர்த்தி பின்கதவோடு அச்சாகப் பொருந்தியது. நிறம் மட்டும் வேறு. ஒரு தகரத் துண்டில் அடித்து, காரின் பக்கத்தில் பிடித்தார்.

கத்திரிப்பூ நிறம்.

"பாரு மச்சான். ஒட்டிப் பொறந்த மாதிரி இல்ல?"

சொல்லியிருக்கலாம். இதில்லடா, அந்த டப்பா என்று விரலை நீட்டியிருந்தால் போதும். ஷெட்டில் வேறு யாரும் இல்லை. ஆனால் அப்படி நீட்டினால் அடுத்த வண்டிக்கும் நீட்டவேண்டும், அதற்கடுத்ததற்கும். இந்தக் கணக்கையெல்லாம் டயர்க்காரர் அப்போது போடவில்லை. அவர் பார்த்தது மாப்பிள்ளையின் முகத்தை மட்டும்தான். அத்தனை மாதத்தில் முதல்முறையாக அந்த முகத்தில் பழைய ஆள் இருந்தார். நாம் வாயைத் திறந்தால் அவர் போய்விடுவார் என்று தோன்றியது.

"இல்லையா மச்சான்?"

"ஆமாண்டா" என்றார். "அடி."

மாப்பிள்ளை அடித்தார். மணிக்கட்டு அசையாமல், கை மட்டும் ஊஞ்சல் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. ஒரு சொட்டு வழியவில்லை. மேலே பளபளப்புக்கு ஒரு கிளியர் கோட் ஏற்றினார். கதவு மின்னியது. முகம் பார்த்துத் தலை சீவலாம்.

அலைன்மெண்ட்காரர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். வாய் திறந்தது. டயர்க்காரர் அவரைப் பார்த்தார். அலைன்மெண்ட்காரர் வாயை மூடிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "பிரமாதம்ணே" என்றார். சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

முதலாளியம்மா திரும்பி வந்து கதவின் முன்னால் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். மாப்பிள்ளை கைகட்டி நின்றுகொண்டிருந்தார், பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி.

"வழுவழுன்னு இருக்குப்பா" என்றார் முதலாளியம்மா. "இந்த மாதிரி வேலை இங்க யாரும் பண்ணதில்ல."

அது பொய் இல்லை. மாப்பிள்ளை டயர்க்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். முதலாளியம்மா வெளியே வரும்போது டயர்க்காரரின் பக்கம் ஒரு கணம் நின்றார். குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு அந்தப் பெயிண்டரை வரச் சொல்லிடறேன். கதவைத் தேய்ச்சு அவர் மறுபடி அடிக்கட்டும்" என்றார். பிறகு, "என்னால வேற என்ன பண்ண முடியும், நீயே சொல்லு" என்றார்.

தங்கை வேலை முடிந்து நேராக ஷெட்டுக்கு வந்தாள். கதவைப் பார்த்தாள். ஒரு நொடி. அவ்வளவுதான் எடுத்துக்கொண்டாள்.

"எப்படி?" என்றார் மாப்பிள்ளை.

"ரொம்ப நல்லா இருக்குங்க. கை கழுவிட்டு வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அவர் குழாயடிக்குப் போனார். தின்னரில் கையைத் தேய்த்தபடி யாரிடமோ கிண்டலாகப் பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அண்ணனும் தங்கையும் அந்தக் கதவின் முன்னால் நின்றார்கள்.

"மூடியெல்லாம் சரியாச் சொன்னாரேம்மா" என்றார் டயர்க்காரர். "ஒண்ணு விடாம சொன்னாரே."

"கம்பியில கோத்து வச்சிருந்தியே அண்ணா."

"அதுக்கென்ன?"

"வரிசை மாறாதுல்ல. சிவப்புக்கு அப்புறம் பச்சை, பச்சைக்கு அப்புறம் நீலம். பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணிட்டார். ஒருநாள் நீ போனப்புறம் நான் கழட்டி மாத்திக் கோத்துக் காட்டினேன். அதே வரிசைதான் சொன்னார். ஒண்ணுகூடச் சேரலை. திரும்பப் பழையபடியே கோத்து வச்சுட்டேன்."

டயர்க்காரர் அவளைப் பார்த்தார். "அப்ப ஏம்மா சொல்லலை?"

"கையைத் தட்டிக்கிட்டு எழுந்து நின்னியே, அந்த முகத்தைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? நீ முதலாளியம்மாகிட்ட போய் நிப்பேன்னு நான் கண்டேனா?" அவள் குரல் உடைந்தது. உடனே சரிப்படுத்திக்கொண்டாள். "எனக்கு அவர் ஒருத்தரைப் பாத்துக்கறதே சரியா இருக்கு அண்ணா. உன்னையும் சேத்துப் பாத்துக்க முடியலை. இனிமே அந்த மூடியெல்லாம் எடுத்துட்டு வராதே. வீட்டுக்கு வா. சும்மா அண்ணனா வா."

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கணவனும் மனைவியும் தெருவில் இறங்கி நடந்தார்கள். அவர் பேசிக்கொண்டே போனார்; அவள் அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தாள், சிக்னலில் எந்த நிற விளக்கு எரிகிறது என்று அவருக்குத் தெரியாது என்பதால்.

மறுநாள் காலை டயர்க்காரர் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது போன் அடித்தது. தங்கை. பக்கத்தில் யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போல மெதுவாகப் பேசினாள்.

"அண்ணா, இவர் எழுந்து குளிச்சு, வேலைச் சட்டையைப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறார். ஷெட்டு நமக்குத்தான்னு ஆயிடுச்சாமே. நீயும் சொன்னியாம், முதலாளியம்மாவும் சொன்னாங்களாம். செருப்புகூட மாட்டிட்டார். லேட்டாகுதுன்னு கத்தறார்."

அவளுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது, உற்சாகமாக. "மச்சானா? அடுத்த வண்டி என்னன்னு கேளு!"

கடையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் புது பெயிண்டர் வந்துவிட்டிருந்தார். பழைய டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போடும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"அண்ணா, லைன்ல இருக்கியா? நான் என்ன சொல்லட்டும்?"

"இருக்கேம்மா" என்றார் டயர்க்காரர்.

பாதி தூக்கிய ஷட்டரைப் பிடித்தபடியே நின்றார். அவள் காத்திருந்தாள்.